ரேம் மாற்றப் போன இடத்தில்

லேப்டாப்பின் நினைவகத் துண்டான ரேமை மாற்றுவது அரை மணி நேர வேலை என்று கணவன் சொல்லியிருந்தான். அவள் ஒரு முழு நாளை ஒதுக்கிக்கொண்டு போனாள். மெக்கானிக் வேலை செய்ய அரை மணி, அவரைக் கண்காணிக்க மீதி நேரம்.

வீட்டிலேயே படத்தொகுப்பு செய்பவள் அவள். கல்லூரிகளுக்கும் கம்பெனிகளுக்கும் பாடப் படங்கள் வெட்டிக் கொடுப்பாள். எட்டு மாதம் முன்புவரை நாத்தனாரும் கூட இருந்தாள். நாத்தனார் கேமராவோடு போய்ப் படம் பிடித்து வருவாள், இவள் அதைத் தன் லேப்டாப்பில் காப்பி எடுத்து வெட்டுவாள். மருத்துவக் கல்லூரி ஒன்றுக்காக எடுத்த அறுவைச் சிகிச்சைப் படத்தில், முக்கியமான இடங்களில் எல்லாம் பச்சைக் கோடும் கட்டம் கட்டமான சிதறலும் வந்தன. அதற்கு முன்பும் நாலைந்து முறை இப்படி ஆகியிருந்தது. என் கம்ப்யூட்டரில் நன்றாகத்தானே ஓடியது என்று நாத்தனார் சொன்னதை இவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தனியாகத் தொழில் தொடங்கும் ஆசை நாத்தனாருக்கு உண்டு என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இவளைக் கெட்ட பெயரோடு நிறுத்திவிட்டு, வாடிக்கையாளர்களை அள்ளிக்கொண்டு போகப் பார்க்கிறாள் என்று இவளுக்குப் பட்டது. பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்லியும்விட்டாள். கல்லூரிப் பேராசிரியருக்கும், தவறு படம் பிடித்தவருடையது என்று எழுதிப் போட்டாள். அன்று பையை எடுத்துக்கொண்டு போன நாத்தனார் அப்புறம் வாசல்படி மிதிக்கவில்லை.

இப்போது ஒரு கப்பல் கட்டும் தளத்தைப் பற்றிய நீளப் படம் கைக்கு வந்திருந்தது. எட்டு கேமராவில் எடுத்த காட்சிகளை ஒன்றாகத் திறந்தால், அவளுடைய உயர்ரக லேப்டாப்கூட மூச்சு வாங்கியது. அதிலிருந்த முப்பத்திரண்டு ஜிபி ரேம் போதவில்லை.

கடை ஒரு வணிக வளாகத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. கதவைத் திறந்தால் நேராக மேஜையில் இடிக்கும் அளவுக்கு ஒடுங்கலான அறை. நெற்றியில் பூதக்கண்ணாடி மாட்டியிருந்த மெக்கானிக், வைத்துவிட்டுப் போங்கள், சாயங்காலம் வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

“பரவாயில்ல சார். நான் இங்கயே உக்காந்திருக்கேன்,” என்று அவள் நாற்காலியை மேஜையோரம் இழுத்துப் போட்டாள்.

அவர் லேப்டாப்பைக் கவிழ்த்து, ஒவ்வொரு திருகாணியையும் கழற்றி, எது எங்கிருந்து வந்ததோ அதே வரிசையில் காந்தத் தகட்டில் ஒட்டினார். அவள் மனதுக்குள் எண்ணிக்கொண்டாள். பத்து. பிளாஸ்டிக் பட்டையால் ஓரத்தை நெம்பி மூடியை எடுத்ததும் முதலில் பேட்டரி இணைப்பைப் பிடுங்கினார். ரேம் துண்டுகள் இரண்டு, ஒவ்வொன்றும் பதினாறு ஜிபி. அவர் கை வைப்பதற்குள் அவள் செல்போனை நீட்டி, இரண்டிலும் ஒட்டியிருந்த வரிசை எண்களைப் படம் எடுத்தாள். நல்ல ரேமை உருவிக்கொண்டு ஒன்றுக்கும் உதவாததைத் தலையில் கட்டிய கதைகளை அவள் இணையத்தில் நிறையப் படித்திருந்தாள். மெக்கானிக் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனமே அவளுக்குச் சந்தேகத்தைக் கூட்டியது.

இரண்டையும் எடுத்துவிட்டு ஒரே மாதிரியாக இரண்டு புதுத் துண்டுகள் போடலாம், ஜோடி சேர்ந்தால்தான் வேகம் சரியாக வரும் என்று அவர் யோசனை சொன்னார். பழையது இரண்டையும் அமுக்கப் பார்க்கிறார் என்று அவள் முடிவு கட்டினாள். புதிது ஒன்று போதும், பழையதில் ஒன்று உள்ளேயே இருக்கட்டும், மற்றதைத் தன் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று கறாராகச் சொன்னாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, முப்பத்திரண்டு ஜிபி துண்டைச் சாய்வாகச் செருகி அழுத்தினார். இரு பக்கமும் கொக்கி ‘டக்’கென்று விழுந்தது. கழற்றிய பழைய துண்டைக் கவரில் போட்டுக் கொடுத்தார். பத்துத் திருகாணியும் பழைய இடத்துக்குப் போவதைப் பார்த்த பிறகுதான் அவள் எழுந்தாள்.

மூன்றே நாள். லேப்டாப் படுத்துவிட்டது. திறந்த கோப்பு பாதியில் மூடிக்கொண்டது. திரை நீலமாகித் தானாக அணைந்தது. முன்பு மாதத்துக்கு ஒருமுறை வந்த கோளாறு இப்போது மணிக்கு ஒருமுறை. நான் அப்போதே நினைத்தேன் என்று கணவனிடம் பொரிந்து தள்ளினாள். இத்தனை கண்காணித்தும் ஏமாற்றிவிட்டானே என்ற ஆத்திரம் அவளுக்கு. காலை முதல் வேலையாகக் கடைக்குப் போய் நின்றாள்.

“புதுசுன்னு சொல்லி எந்தக் குப்பையைப் போட்டீங்க?”

மெக்கானிக் குரலை உயர்த்தவில்லை. உட்காரச் சொன்னார். புதுத் துண்டை மட்டும் உள்ளே வைத்து, ரேமைச் சோதிக்கும் நிரலை ஓடவிட்டார். கறுப்புத் திரையில் எண்கள் ஊர்ந்தன. ஒன்றரை மணி நேரம் ஓடியது. ஒரு பிழைகூட இல்லை. பிறகு அதை எடுத்துவிட்டுப் பழைய துண்டைச் செருகினார். ஐந்தாவது நிமிடத்தில் ஒரு சிவப்பு வரி வந்தது. அதன் கீழே இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை முழுக்கச் சிவந்தது.

இது மாற்றிப் போட்ட துண்டு என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். செல்போனில் அன்று எடுத்த படத்தை விரித்து எண்ணை ஒப்பிட்டாள். ஓர் இலக்கம்கூட மாறவில்லை. அவளுடையதேதான்.

“இது நேத்து கெட்டது இல்ல மேடம்,” என்றார் மெக்கானிக். “முன்னாடி இந்தக் கெட்ட இடத்தை லேப்டாப் எப்பவாவதுதான் தொட்டிருக்கும். இப்ப புதுசு சேர்ந்ததுல இடம் மாறி, அடிக்கடி தொடுது. ரொம்ப நாளாவே காப்பி எடுக்கிற வீடியோல கோடு, சிதறல்னு எதாச்சும் வந்துச்சா?”

அறுவைச் சிகிச்சைப் படத்தின் பச்சைக் கோடுகள் அவளுக்கு நினைவுக்கு வந்தன. தெரியவில்லை என்று பொய் சொன்னாள். முதலில் அவர் சொன்னபடியே இன்னொரு புதுத் துண்டையும் போடச் சொன்னாள். இந்த முறை திருகாணிகளை எண்ணவில்லை.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தாள். நாத்தனார் கடைசியாகக் கொடுத்த ஹார்ட் டிஸ்க், என்றைக்காவது சாட்சியாகும் என்று அவள் பத்திரப்படுத்தியது, துணிப்பையில் அப்படியே இருந்தது. அறுவைச் சிகிச்சைப் படத்தைப் புதிதாகக் காப்பி எடுத்து ஓடவிட்டாள். மருத்துவரின் விரல் நுனி, நூல், ஊசி எல்லாம் கண்ணாடிபோல் தெளிவாகத் தெரிந்தன. கோடு இல்லை, சிதறல் இல்லை. கடைசிவரை பார்த்தாள்.

மறுநாள் மதியம் நாத்தனார் இப்போது வேலை பார்க்கும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனாள். வரவேற்பறையில் நின்றபடியே நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். நாத்தனார் கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

“இப்ப புதுசா பெரிய வேலை எதாச்சும் வந்திருக்கா அண்ணி?”

“வந்திருக்கு. ஆனா அதுக்காக நான் வரல.”

“அப்படியா?” நாத்தனாரின் பார்வையில் நம்பிக்கை துளியும் இல்லை. “ரேம் கெட்டது உங்க தப்பு இல்ல. ரெண்டு வருஷம் ஒண்ணா உக்காந்து வேலை பார்த்தோம். என் கம்ப்யூட்டர்ல ஒருதடவை போட்டுப் பார்க்க உங்களுக்குத் தோணவே இல்லையே.”

இவள் மன்னித்துவிடு என்றாள். அந்தச் சொல் அவளுக்கே பத்தாததுபோல் இருந்தது. அங்கேயே செல்போனை எடுத்துப் பேராசிரியருக்கு எழுதினாள். கெட்டது தன் லேப்டாப், படம் பிடித்தவர்மேல் எந்தத் தவறும் இல்லை, அன்று தான் எழுதியது பொய்ப்பழி. நாத்தனார் வாங்கிப் படித்தாள். ‘பொய்ப்பழி’ என்ற சொல்லில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. அதை அழிக்கவில்லை. அனுப்பும் பொத்தானை அவளே அழுத்திவிட்டு உள்ளே போனாள்.

ஒரு மாதம் கழித்து, கல்லூரியின் அடுத்த படம் நாத்தனாருக்குப் போயிருக்கிறது என்று கணவன் சொன்னான். கேட்டதும் அவளுக்கு முதலில் தோன்றியது, அப்படியானால் அப்போதே இதைக் குறிவைத்திருப்பாளோ என்பதுதான். தோன்றியதைக் கணவனிடம் சொல்லவில்லை. தன்மேலேயே அருவருப்பாக வந்தது. எழுந்து போய்த் துணிகளை மடித்து வைத்தாள்.

அந்த வாரக் கடைசியில் நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. நலம் விசாரிப்பு எதுவும் இல்லை.

“ரெண்டு மணி நேரப் படம் அண்ணி, என் ஒருத்தியால முடியாது. நீங்க வெட்டிக் குடுக்குறீங்களா? பேரு போடறப்ப என்னுதுதான் முதல்ல வரும். நான் சொல்ற மாதிரிதான் வெட்டணும்.”

“சரி,” என்றாள் அவள். “எப்ப வரட்டும்?”