கொக்கியில் பத்து நாள்

எங்கள் ஊர் ஓவியக் கூடத்தில் படங்களை மாட்டுவதில்லை. வரைந்தவர்களைத்தான் மாட்டுவார்கள். பத்து நாள் கண்காட்சி முடியும்வரை, அவரவர் வரைந்த படம் அவரவர் வீட்டுக்குப் போய் அந்த இடத்தில் இருக்கும். வீட்டில் ஒரு ஆள் குறையக் கூடாது அல்லவா.

இந்தத் தடவை பழைய காலண்டரின் பின்பக்கத்தில், என் மகள் தர்ஷினியின் கிரேயானை வைத்து ஓர் எருமை வரைந்தேன். கூடத்தின் செயலாளர் ஞானதுரை சார் அதைப் பார்த்துவிட்டு, "கொம்புல ஒரு நிதானம் இருக்கு செண்பகவல்லி. உன்ன மாட்டிருவோம்" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். சுவர் ஏறுவேன் என்று யார் நினைத்தார்கள்.

ஒன்றை மட்டும்தான் யோசித்தேன். கண்காட்சி முடிந்த மறுநாள் தர்ஷினிக்கு எல்கேஜி தொடக்கம். அம்மா கையைப் பிடித்துக்கொண்டுதான் போவேன் என்று அவள் ஒரு மாதமாகச் சொல்லிவருகிறாள். நானும் சரி என்றிருந்தேன். பத்தாம் நாள் இறங்கிவிட்டால் பதினோராம் நாள் போய்விடலாம்.

கக்கத்துக்குக் கீழே பட்டை கட்டி, முதுகுப் பக்கம் வளையம் விட்டு, கொக்கியில் மாட்டினார்கள். அதற்கு முன்னால் நெற்றியைத் துடைத்துவிட்டார்கள். வருகிறவர்களில் யாருக்காவது எங்களில் ஒருவரைப் பிடித்துப்போய், எனக்கு வேண்டும் என்று கேட்டால், தொங்குகிறவர் நெற்றியில் சிவப்புப் பொட்டு வைப்பார்கள். பொட்டு விழுந்தவர் அப்புறம் கேட்டவர் வீட்டுச் சுவருக்குப் போய்விடுவார். குழப்பம் வரக் கூடாதென்று முதலிலேயே துடைப்பது.

பார்க்க வருகிறவர்கள் இருக்கும்போது நாங்கள் வாய் திறக்கக் கூடாது. கண்ணாடி போட்ட ஒருவர் என் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். இடது தோள் இறங்கியிருக்கிறது, பயிற்சி போதாது என்று மனைவியிடம் சொன்னார். தர்ஷினியை மூன்று வருடம் தூக்கிய தோள் அது.

கதவடைத்த பிறகு பேசிக்கொள்ளலாம். பக்கத்துக் கொக்கியில் கடைப் பலகை எழுதும் பெத்துராஜ் அண்ணாச்சி தொங்கினார். குடத்தோடு நிற்கும் பெண்ணை வரைந்திருந்தார். அந்தப் பெண் அவர் வீட்டில் தண்ணீர் பிடித்து, பாத்திரம் தேய்த்து, கொடியில் துணி காயப்போடுகிறாளாம்.

"இன்னும் பத்து நாள் சேத்துத் தொங்க முடியுமான்னு உங்க மைனி ஆள் விட்டுக் கேக்கா" என்றார், தன் மனைவியைச் சொல்லி. "நேர்ல வர நேரமில்லையாம்."

நானும் ஒரு பொம்பளையை வரைந்திருக்கலாம். தோன்றவில்லை.

மூன்றாம் நாள் என் வீட்டுக்காரரும் மாமியாரும் தர்ஷினியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் தீப்பெட்டி ஆபீசில் அரை நாள் லீவு போட்டிருந்தார். மாமியார் என்னை அண்ணாந்து பார்த்து, எருமை வந்த பிறகு காபிக்குப் பால் வாங்குவதில்லை என்றார்கள். எதிர்த்துப் பேசுவதில்லை என்றும் சொன்னார்கள். கொஞ்சம் இடம் அடைக்கிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை என்றார் அவர்.

தர்ஷினி மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக் கண்ணாடியில் நான் ஒட்டிவைக்கும் சிவப்புப் பொட்டு ஒன்றை உரித்து, விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தாள். அப்பாவைத் தூக்கச் சொன்னாள். என் நெற்றியில் வைத்து அழுத்தினாள்.

"இப்பதான் எங்கம்மா" என்றாள்.

வாய் திறக்க முடியாது. ஞானதுரை சார் வந்து பார்த்தார். என் பெயருக்கு நேரே, 'போய்விட்டது' என்று எழுதினார்.

கதவடைத்ததும் அவரிடம் சொன்னேன், வைத்தது குழந்தை என்று.

"யாரு வச்சாங்கன்னு விதியில இல்லம்மா. வச்சாச்சா இல்லையா, அவ்வளவுதான்."

அப்படியென்றால் வைத்தவள் தர்ஷினி, தர்ஷினி வீட்டுச் சுவரிலேயே மாட்டுங்கள் என்றேன். அவர் யோசித்தார். நியாயம்தான் என்றார். வீட்டில் கேட்டுவரவும் ஆள் அனுப்பினார். அந்த ஆள் ஒரு தாளோடு திரும்பி வந்தார். சுவர் பக்கம் எருமை சாய்ந்து நிற்பதால் கொக்கி அடிக்க இடமில்லை என்று என் வீட்டுக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அவர் கையெழுத்து எப்போதும் அழகாக இருக்கும்.

அடுத்தபடியாக, நான் வேண்டுமா என்று அரிசி மில் வீட்டில் கேட்டார்கள். அங்கே கூடத்துச் சுவரில் ஓதம் ஏறி ஆள் உயரத்துக்குக் கறை இருந்தது. என் அளவு சரியாகப் பொருந்தியது.

பதினோராம் நாள் காலையில் என்னைக் கோணியில் சுற்றி, முகத்தை மட்டும் வெளியே விட்டு, மினி வேனில் ஏற்றினார்கள். வண்டி பள்ளிக்கூட வழியாகத்தான் போனது. தர்ஷினி எருமையின் காதைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்குள் போய்க்கொண்டிருந்தாள். அழவில்லை. அவள் பையை எருமை கொம்பில் மாட்டியிருந்தது. கனமான பை. நானாக இருந்தாலும் வாங்கித்தான் வைத்திருப்பேன்.

மில் வீட்டம்மா நல்ல மாதிரி. வெள்ளிக்கிழமைதோறும் என்னைத் தூசி தட்டுவார்கள். ஓதம் முதுகில் ஏறுகிறது; வெயில் காலத்துக்கு அது நல்லதுதான்.

ஒரு மாதம் கழித்து என் வீட்டுக்காரர் மில்லுக்கு மாவு திரிக்க வந்தார். வந்தவர் கூடத்துக்குள் எட்டிப்பார்த்து, நின்றபடியே எல்லாம் சொன்னார். அம்மா திரும்ப வீட்டுக்கு வர வேண்டும் என்று தர்ஷினி பள்ளிக்கூடத்தில் என்னைப் படமாக வரைந்தாளாம். நன்றாக வந்திருக்கிறது என்று டீச்சர் அதை ஞானதுரை சாரிடம் காட்டியிருக்கிறார்கள். இப்போது நடக்கும் அடுத்த கண்காட்சியில் தர்ஷினியை மாட்டியிருக்கிறார்களாம். யாரும் குனிந்து பார்க்க வேண்டாமென்று கொக்கியை உயரத்தில்தான் அடித்திருக்கிறார்கள். படம் வீட்டுக்கு வந்துவிட்டது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"உன்ன மாதிரியேதான். வலது கையில ஏழு விரலு. அதனால தல பின்னுறது சீக்கிரம் முடிஞ்சிருது."

பின்னிவிட வீட்டில் பிள்ளை இல்லாததால், காலையில் எட்டு மணியானால் அது எருமையின் வாலைப் பிரித்துப் பிரித்துப் பின்னுகிறதாம். ரிப்பன் வைத்த இடம் மட்டும் அதற்குத் தெரியவில்லையாம். அதைக் கேட்டுப் போகத்தான் அவர் எட்டிப்பார்த்திருக்கிறார்.

"அலமாரியில, சீயக்காய் டப்பாவுக்குப் பின்னால இருக்கு" என்றேன். "மஞ்சள எடுக்கச் சொல்லுங்க. கறுப்புக்கு அதான் எடுப்பா இருக்கும்."