சிவப்பு அணைந்த நாள்

புற ஊதா விளக்கின் கீழே கண்ணாடித் துண்டைப் பிடித்தேன். சிவப்பு இல்லை. துளிக்கூட இல்லை. ஐந்து வருஷமாக அந்தச் சனியன் பிடித்த சிவப்பு ஒவ்வொரு துண்டிலும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. பார்க்கிறவர்களுக்கு அழகு, எனக்கு வயிற்றெரிச்சல். கண்ணாடியில் பூசியிருக்கும் குவாண்டம் புள்ளி என்ற நுண்துகள் வெயிலை வாங்கி, அதில் பிறக்கும் மின்னூட்டத்தைப் பக்கத்திலிருக்கும் பாலிமருக்குத் தள்ளிவிட வேண்டும். தள்ளாவிட்டால் வாங்கியதை ஒளியாகக் கக்கிவிடும். அணைந்தால்தான் சோலார் செல்.

அன்று அணைந்தது. கூட வேலை செய்யும் கௌதம், தன் அக்கா கல்யாணத்துக்காகத் திருப்பத்தூர் போயிருந்தான். சந்தோஷம் தாங்காமல் கைடுக்கு மெசேஜ் போட்டேன். ஆம்பூரில் அப்பாவுக்கு போன் செய்தேன். தோல் ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டி வேலை அவருக்கு. அங்கேயே எல்லோருக்கும் சொல்லிவிட்டார் போல, பின்னால் ஆட்கள் கைதட்டினார்கள். மாதக் கடைசிக்குள் கரண்ட் காட்டாவிட்டால் என் ஆராய்ச்சி ரத்து என்பது அவருக்கும் தெரியும்.

அதே துண்டுகளில் செல் செய்து மீட்டரில் மாட்டினேன். பூஜ்யம். வயரை மாற்றி மாட்டினேன். பூஜ்யம்.

மாதக் கடைசி நாள் கௌதம் வந்தான். கதவருகிலேயே நின்று கர்சீப்பால் மூக்கைப் பொத்தினான்.

"இன்னா கவி, இப்டி அழுவுன முட்ட நாத்தம் அடிக்குது. தயோல கழுவவே இல்லியா?"

புள்ளிகளைச் சுற்றியிருக்கும் எண்ணெய்ப் போர்வையை எடுக்கப் போடும் கந்தக மருந்துதான் தயோல். பிறகு நாற்றம் போகிறவரை கழுவ வேண்டும். எங்கள் லேபில் அதுதான் கணக்கு. எப்போதும் முகர்ந்து பார்த்துப் போதும் என்பவன் கௌதம். அன்று நானே முகர்ந்தேன். எனக்கு எந்த நாற்றமும் வரவில்லை. மிச்சமிருந்த தயோல் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒளியை அணைத்திருக்கிறது. பாலிமருக்கு ஒன்றுமே போய்ச் சேரவில்லை. சுண்ணாம்புத் தொட்டியிலும் இதே அழுகிய முட்டை நாற்றம்தான்; அது ஊறிய அப்பாவின் சட்டையில் முகம் புதைத்துத் தூங்கி வளர்ந்த மூக்கு என்னுடையது. அழுகை கூட வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

இன்னொரு வாய்ப்பு கேட்டேன். கைடு நல்லவர்தான், தன் கையில் எதுவும் இல்லை என்று சொல்லி லேப் சாவியை வாங்கிக்கொண்டார்.

அப்பாவுக்கு போன் போட்டு, வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"ஸ்டாப்லயே நிக்கிறேம்மா," என்றார்.

வேலூரிலிருந்து பஸ். ஆம்பூர் தோல் ஷெட்டுகள் நெருங்கியதும் பக்கத்து சீட்டு அம்மாள் முந்தானையை மூக்கில் வைத்தார். முன் சீட்டிலும், அதற்கு முன்னாலும் கைகள் மூக்குக்குப் போயின. நான் மூச்சை ஆழமாக இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை.

ஸ்டாப்பில் அப்பா, வேலைச் சட்டையோடு, கையில் ஸ்வீட் பாக்ஸோடு பஸ்ஸின் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.