மறுபடி கேட்டவள்

அறையில் நான்கு பேர் இருந்தோம். பயிற்சியாளர் அறிவரசன் சார் சுவரைப் பார்த்தபடி மைக் முன்னால். அவருக்கு முதுகு காட்டி, காதில் ஹெட்போனுடன், வேப்பந்தட்டை வீரமணியும் அரியலூர் சத்யப்பிரியாவும் ஒரே பெஞ்சில். ஆபீஸ் வேலை பார்க்கும் நான், மலர்க்கொடி, கதவோரம் மேசையில். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு ஹாரன் சத்தம் முழுக்க ஜன்னல் வழியே வந்தது. சார் மூட விடவில்லை.

விமானப் பயிற்சிப் பள்ளி ஒன்று ஓர் இலவச இடம் தந்திருந்தது. விமானி ஆக விரும்புகிறவர்களைத் தயார்செய்யும் எங்கள் மையத்திலிருந்து ஒரே ஒரு பெயர் அன்றைய தபாலில் போயாக வேண்டும். கிடைக்காவிட்டால் அடுத்த வாரமே திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவதாகச் சத்யப்பிரியா வீட்டில் ஒப்புக்கொண்டிருந்தாள்.

விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து பேசுவதுபோல் சார் ஆங்கிலத்தில் உத்தரவு சொல்வார். விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு சுற்றிலும் வந்த உத்தரவுகளை வீரமணி கடகடவென்று சொன்னான். சத்யப்பிரியா இரண்டுக்கும், "யெஸ் சார், ஓகே சார்."

"என்னம்மா ஓகே? எவ்வளவு உயரத்துக்கு எறங்கச் சொன்னேன்?"

"புரியலைங்க சார்."

"அப்ப ஏன் கேக்கல?"

"பள்ளிக்கூடத்துல மறுபடி கேட்டா, காது செவிடாம்பாங்க சார்."

"போச்சு! பச்சமலையில மோதியாச்சு," என்றான் வீரமணி.

கடைசிச் சுற்று. வீரமணிக்கு வந்த உத்தரவை அவன் செய்தி வாசிப்பவன்போல் ஒப்பித்தான். சார் காகிதத்தில் எதையோ குறித்துக்கொண்டார்.

அடுத்து சத்யப்பிரியா. சார் படுவேகமாகப் பேசினார். நடுவில் ஒரு பஸ் அலறியது. அவள் தலை தானாக ஆட ஆரம்பித்து, நின்றது.

"ஸே அகெய்ன்."

சார் அதே வேகத்தில் சொன்னார்.

"ஸே அகெய்ன்."

"எத்தன தடவ சொல்றது?" குரல் சுள்ளென்று வந்தது. நான் பேனாவை மூடிவிட்டேன்.

"புரியிற வரைக்கும் சார்," என்றாள். பெஞ்சு விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

சார் நிதானமாகச் சொன்னார். அவள் ஓர் எண் விடாமல் திருப்பிச் சொன்னாள்.

"வீரமணி, கடைசியா ஒனக்கு நான் உயரமே சொல்லலியே. நீ சொன்ன நாலாயிரம் அடி எங்கேருந்து வந்துச்சு?"

"எப்பவும் அதான சார் வரும்?"

சார் தண்ணீர் குடித்தார்.

"எழுதும்மா மலரு. சத்யப்பிரியா."

"சார், மொத ரெண்டும் நாந்தான சரியாச் சொன்னேன்!"

"சொன்ன. ஆனா அவ ஓட்டுனா நான் ஏறுவேன்டா. ஒன்னோடதுல இன்னைக்கு ஏற மாட்டேன்."

சத்யப்பிரியா ஹெட்போனைக் கழற்றாமலே அழுதாள். தேதி, பெயர், தகப்பன் பெயர், ஊர் என்று வரிசையாக எழுதிச் சாரிடம் கையெழுத்து வாங்கிக் கவரில் போட்டேன். தபால் ஆபீஸ் மூடும் நேரம். வீரமணி கையில் பைக் சாவியோடு வாசலை மறித்து நின்றான்.

"குடுக்கா, நான் போட்டுட்டு வரேன்."

நான் கவரை மார்போடு பிடித்துக்கொண்டேன். அவன் என்னையே பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான்.

"நம்பலைன்னா பின்னாடி ஏறிக்கக்கா."

ஏறினேன். தபால் ஆபீஸ் கவுண்டர் மேல் கவரை வைத்துப் பசை தடவி, ஓரங்களை அழுத்தி ஒட்டி, கம்பிக்குள் நீட்டினேன். உள்ளே ஒரு கை அதை வாங்கி முத்திரை குத்தியது.