‘நான் வக்கீல் அல்ல’ என்ற பலகை

என் கடையில் ஒரு பலகை தொங்குகிறது. ‘நான் வக்கீல் அல்ல. சட்ட ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதி இல்லை’ என்று ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் எழுதியிருக்கும். கலிபோர்னியாவில் என்னைப் போன்ற நோட்டரிகள் இதை மாட்டியே ஆக வேண்டும். மெக்சிகோவில் ‘நோட்டாரியோ’ என்றால் பெரிய வக்கீல். இங்கே நோட்டரி என்பவள் கையெழுத்துக்குச் சாட்சியாக முத்திரை குத்துகிறவள், அவ்வளவுதான். இந்த வித்தியாசம் எங்கள் சனத்தின் மண்டையில் பத்தொன்பது வருஷமாக ஏறவில்லை.

“லாலாம்மா, வீட்டைக் காலி பண்ணச் சொல்றாங்க. நீங்கதான் வக்கீலாச்சே, ஏதாச்சும் பண்ணுங்க” என்று வந்து நிற்பார்கள்.

“பலகையைப் படிங்க!” என்று எரிந்து விழுவேன். அவர்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போன பிறகு எனக்குச் சோறு இறங்காது.

நொஹெமி என் மகளுக்கு ஞானத்தாய். அதனால் நாங்கள் ஒருவரை ஒருவர் ‘கொமாத்ரே’ என்று அழைத்துக்கொள்வோம். உலர்திராட்சை ஆலையில் தரம் பார்க்கிற வேலை அவளுக்கு. முப்பத்தாறு வயதில் ஒருநாள் வந்து, சட்டம் படிக்கச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். டயர் கடைக்கு மேல் மாடியில் சனிக்கிழமை வகுப்பு. அங்கீகாரம் இல்லாத பள்ளி. அது தெரிந்தேதான் சேருகிறேன் என்று மாணவர்களே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “புருஷன் குடிகாரன்னு தெரிஞ்சுதான் கட்டிக்கிறேன்னு எழுதிக் குடுக்கிற மாதிரி இருக்குடி!”

“ஆமா கொமாத்ரே. நீ எழுதிக் குடுக்காமலே கட்டிக்கிட்ட” என்றாள்.



அங்கீகாரம் இல்லாத பள்ளியில் படிப்பவர்கள் முதல் வருஷம் முடிந்ததும் ஒரு தனிப் பரீட்சை எழுத வேண்டும். அதற்கு ‘பேபி பார்’ என்று பேர். மூன்று வாய்ப்புக்குள் தேறாவிட்டால் முதல் வருஷத்துக்குப் பிறகு படித்ததெல்லாம் செல்லாது. நொஹெமி இரண்டு முறை கோட்டை விட்டாள். மூன்றாவது தடவைக்கு ஆலையின் மதிய இடைவேளையெல்லாம் என் கடையில் உட்கார்ந்து படித்தாள். தலையில் வலைத்தொப்பி, ஒரு கையில் புரீத்தோ ரொட்டிச் சுருள். தேறிவிட்டாள்! நான் தெருவில் நின்று கூச்சல் போட்டேன், வெட்கமே இல்லாமல்.

கடைசி வருஷத்தில் வந்தது வினை. வக்கீலாகப் பதிவு செய்ய, பரீட்சை மட்டும் போதாது. நன்னடத்தை விண்ணப்பமும் தேற வேண்டும். இருந்த வீடுகள், பார்த்த வேலைகள் எல்லாம் கேட்டிருந்தார்கள். ஒரு கேள்வியில், ‘இதுவரை பயன்படுத்திய எல்லாப் பெயர்களும்’ என்று இருந்தது.

அதில் நொஹெமி ‘ரொசாரியோ அரியோலா’ என்று எழுதினாள். அது அவள் அக்காவின் பெயர்.

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் யாருக்கும் புரியும். பதின்மூன்று வயதுப் பெண்ணைத் திராட்சைத் தோட்டத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அக்கா பெயரையும் வயதையும் சொல்லி இவள் சேர்ந்திருக்கிறாள். நாங்கள் பாதிப்பேர் இப்படித்தான் வேலைக்குப் போனோம். தோட்டத்து ஆட்கள் இன்றைக்கும் இவளை ரொசாரியோவின் செல்லப்பெயரான ‘சாயோ’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

“அடிப்பாவி, அதை அடிச்சு அழிச்சிடு! இத்தனை வருஷப் படிப்பு மண்ணாப் போயிடும். யாருக்குடி தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியுமே.”

“பெரிய புனிதவதி!”

“இந்தத் தாள்ல பொய் எழுதிட்டு, நாளைக்குக் கோர்ட்ல யார்கிட்ட உண்மை சொல்லுன்னு கேப்பேன்?”

ஒரு மாதம் அவளோடு நான் பேசவில்லை. கோபம் பாதி, பயம் மீதி.

வக்கீல் பரீட்சையை எழுதினாள், தேறினாள். ஆனால் நன்னடத்தைக் கடிதம் வரவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸுக்கு நேரில் விசாரணைக்கு வரச் சொல்லி அழைப்புதான் வந்தது. நான்தான் காரோட்டிப் போனேன். உள்ளே அவள் இருந்த ஒன்றரை மணி நேரமும் வண்டிக்குள் ஜெபமாலை உருட்டினேன்.

வெளியே வந்தவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“என்னடி கேட்டாங்க?”

“எதுக்குப் பொய்ப் பேர் சொன்னேன்னு கேட்டாங்க. பேர் பொய்தான், வேலை நான் செஞ்சதுன்னு சொன்னேன். ‘நீயே எழுதலேன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதே’ன்னார் ஒருத்தர். ‘என் கொமாத்ரேயும் அதைத்தான் சொன்னா, ஒரு மாசம் என்கூடப் பேசல’ன்னேன்.”

“நாசமாப் போச்சு! என்னையுமா இழுத்த?”

“விசாரிச்சவங்கள்ல ஒரு அம்மா சிரிச்சாங்க.”

சிரித்தால் நல்லதா கெட்டதா என்று நான்கு மாதம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வலைத்தொப்பியோடு ஓடிவந்தாள். கையில் நன்னடத்தைக் கடிதம், வக்கீல் உறுதிமொழி அட்டை. அவளுக்குப் பின்னால் ஆலையிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் பத்துப் பன்னிரண்டு பேர்.

“உறுதிமொழியை ஃப்ரெஸ்னோவுல ஜட்ஜ் முன்னால எடுக்க வேண்டியதுதானே?” என்றேன்.

“நோட்டரியும் எடுக்க வைக்கலாம்னு சட்டம் சொல்லுது. முத்திரையை எடு.”

பலகைக்குக் கீழே நின்று வலது கையை உயர்த்தினாள். “உன் முழுப் பேரைச் சொல்லு” என்றேன்.

“நொஹெமி அரியோலா சிஸ்னேரோஸ்.”

“யாரது?” என்று கூட்டத்திலிருந்து கேட்டார் கிழவர் கிரெசென்சியோ. அன்றைக்கு அவளைத் தோட்டத்தில் சேர்த்துக்கொண்ட மேஸ்திரி அவர்தான். “இது நம்ம சாயோ இல்ல?”

“சாயோ எங்க அக்கா, ஐயா. உங்ககிட்ட அன்னைக்குப் பொய் சொன்னேன்.”

“தெரியும் மகளே. பதினெட்டு வயசுக்காரிக்குப் பால்பல் ஆடுமா? சரி, இப்ப சத்தமாச் சொல்லு, எல்லாருக்கும் கேக்கட்டும்.”

அவள் மறுபடி சொன்னாள், தெருவுக்கே கேட்கும்படி. அரசியல் சட்டத்தைக் காப்பேன், கடமையை நேர்மையாகச் செய்வேன் என்று நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னாள். அட்டையில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினேன். எனக்கு அப்படி ஒரு பெருமை, நானே பாஸான மாதிரி.

கைதட்டல் அடங்குவதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் கசங்கிய நோட்டீஸ். நேரே என்னிடம் வந்தாள்.

“நீங்கதானே வக்கீலு?”

பலகையைக் காட்டக் கை தானாக எழுந்தது. பாதியில் திருப்பினேன்.

“நான் இல்லம்மா,” என்றேன். “இந்தா நிக்கிறா பாரு, இவ.”