பூச்சறையில் மழை

பூச்சு ஆய்வறையில் ஒரே ஒரு மேசைக்கு மேல் மட்டும், அந்த மேசைக்காரர் இறந்த மறுவாரத்திலிருந்து மழை பெய்தது. வேலை நேரத்தில் பெய்யும், விடுமுறையில் ஓய்ந்துவிடும். குழாய்க்காரர் கூரைமேல் ஏறிப் பார்த்துவிட்டு, "மேல சுள்ளுனு காஞ்சு கெடக்கு. இருக்கிற ஓட்டைய அடைக்கலாம், இல்லாத ஓட்டைய எங்க போயி அடைக்கிறது?" என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மேலாளர் ஒரு வாளி வாங்கித் தந்தார்.

இறந்தவர் காகிதப் பெட்டிகளுக்குப் பூச்சு தயாரித்தவர். பிளாஸ்டிக் படலம் ஒட்டிய பெட்டி எண்ணெயையும் ஈரத்தையும் தடுக்கும். ஆனால் மறுபடி காகிதமாக்கக் கூழில் போட்டால் படலம் கந்தல் கந்தலாக மிதக்கும். செல்லுலோஸ் நாரையே பசைபோல அரைத்துக் காகிதத்தின்மேல் பூசினால் பூச்சும் பெட்டியும் ஒரே கூழாகிவிடும் என்பது அவருடைய பிடிவாதம். அவர் பூசியதைச் சோதித்தது அதே அறையில் வேலை பார்த்த அவர் மனைவி. எண்ணெய் சொட்டுவாள், நனைப்பாள், கிழிப்பாள். எல்லோரும் அவளைக் கிழிப்பக்கா என்பார்கள். "நான் பூசறேன், இவ கிழிக்கிறா. எங்க குடித்தனத்துக்குன்னு தனியாச் சண்டையே தேவைப்படல" என்று அவர் சொல்லிச் சிரிப்பார். எட்டு வருடம் பூசினார். எட்டு வருடமும் எண்ணெய் ஊசிமுனைத் துளைகள் வழியே கசிந்தது. ஒரு மதியம், பூசிய தாளை உலர்த்தும் அடுப்பில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, நெஞ்சைப் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

ஆண்டு முடிவதற்குள் பூச்சு தேறாவிட்டால் பழையபடி பிளாஸ்டிக்தான் என்று மேலாளர் சொன்னபோது, அவள் தன் மேசையை விட்டுவிட்டு அவருடைய மேசையில் குடையைக் கட்டி உட்கார்ந்தாள். பெரிய பூச்சு இயந்திரத்தை ஓட்டிய கொழுந்தனுக்கு மனசு கேட்கவில்லை.

"அண்ணி, அடுத்த மேசைக்கு மாறிக்குங்களேன். அங்க நல்லாக் காஞ்சிருக்கு."

"உங்க அண்ணனோட சாமானெல்லாம் இங்கல்ல இருக்கு."

"அத நான் தூக்கி வெச்சுடறேன்."

தூக்கி வைத்தார். மழையும் கூடவே அந்த மேசைக்கு வந்தது. தொப்பலாக நனைந்த கொழுந்தன், "அண்ணனுக்குச் சின்ன வயசுலேருந்தே எம்மேல ஒரு இது" என்று முணுமுணுத்தபடி துண்டு தேடிப் போனார்.

சாரல் பட்டு அடுப்பு கெட்டுப்போனது. ஈரத்தைச் சூட்டில் சட்டென்று விரட்டுவதுதான் அந்த அறையின் வேதம். அடுப்பில்லாமல் யாரும் அங்கே ஒரு தாளைக்கூட உலர்த்தியதில்லை. வேறு வழியில்லாமல் அவள் தான் பூசிய தாள்களைக் குடைக்கடியில் பரப்பி வைத்தாள். காய நாள்கணக்கில் ஆயிற்று. தூக்கிப் போடுவதற்கு முன், பழக்கதோஷத்தில் எண்ணெய் சொட்டிப் பார்த்தாள். மறுபக்கம் கறையே இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தபிறகு விளங்கியது. சூட்டில் மேல்தோல் முதலில் இறுகிவிடும். அடியில் சிக்கிய ஆவி அதைப் பொத்துக்கொண்டு வெளியேறும். ஈரக்காற்றிலோ நார்கள் ஒன்றோடொன்று நெருங்கிப் படிய அவகாசம் கிடைத்திருக்கிறது. அண்ணாந்து, "இத உயிரோட இருக்கறப்பவே சொல்லித் தொலைச்சிருந்தா என்னவாம்?" என்று திட்டினாள். மழை சற்றுக் கனத்தது.

அப்புறம் அவள் ஓயவில்லை. தண்ணீரையும் தடுக்க, மேலே பேருக்கு, இலைகளிலிருந்து எடுத்த மெழுகில் ஒரு பூச்சு. கொழுந்தன் முணுமுணுத்துக்கொண்டே பெரிய இயந்திரத்துக்கு ஒரு நீராவிக் கூண்டு கட்டி, ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்தார். டிசம்பரில் அந்தப் பெட்டிகளை மேலாளர் கண்முன்னே கூழாக்கி, கூழை மறுபடி தாளாக்கினார்கள். அவள் ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்து, கரையாத பூச்சுத் துணுக்கு இருக்கிறதா என்று தேடினாள். ஒன்றும் தென்படக் கூடாது என்று தேடியவள், கடைசித் தாள்களை எடுத்தபோது, அவருடைய பூச்சில் ஒரு துணுக்காவது தென்படாதா என்றும் தேடினாள். தாள் வெறும் தாளாக இருந்தது.

"என்ன அண்ணி?" என்றார் கொழுந்தன்.

"ஒண்ணுமே மிச்சமில்ல. தேறிடுச்சு" என்றாள்.

அடுத்த ஆண்டு ஆய்வறைக்குப் புதுக் கட்டடம் எழுந்தது. கொத்தனார் யாரையும் எதுவும் கேட்காமல், அவள் மேசை வரும் இடத்தில் தரையைச் சற்றுச் சரித்து, ஒரு வடிகால் வைத்துக் கட்டினார்.