பெண் வீட்டில் ஓர் இரவு வாடகைக்கு

நிவித்திகல கடைவீதியில் புடவைக்கடை வைத்திருக்கும் சுந்தரலிங்கத்தின் மனைவி இராஜம், கித்துல்கலவுக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பழைய பண்ணை வீட்டுக்குத் தங்க வந்தது ஊர் பார்க்க அல்ல. மகன் சுஜன், கட்டினால் கேஷானியைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். கேஷானியின் அம்மா விஜயகலாதான் நூற்றைம்பது வருஷத்து அந்த வீட்டைக் குத்தகைக்கு எடுத்து, தங்க வருகிறவர்களுக்குப் படுக்கையும் காலைச் சாப்பாடும் கொடுத்து நடத்துகிறாள். ‘வரக்காப்பொல பக்கத்து வியாபாரக் குடும்பம்மா’ என்று பையன் சொன்னதை இராஜம் நம்பவில்லை. தேயிலை, ரப்பர் தோட்டத்துக் கூலி ஆட்களாகத்தான் இருக்க வேண்டும். அது மட்டும் உறுதியானால் கல்யாணப் பேச்சு அன்றோடு சரி. விசாரித்து வருகிறேன் என்று மகனிடம் சொல்லிவிட்டு, வேறு பெயரில் அறை போட்டாள்.

மற்ற விருந்தாளிகள் மர நெற்பெட்டகத்தைப் படம் பிடித்தார்கள். இராஜம் விஜயகலாவின் காலைப் பார்த்தாள், தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இருக்கும் அட்டை கடித்த தழும்பு இருக்கிறதா என்று. நீளப் பாவாடை மறைத்துவிட்டது. அவள் பேசிய சிங்களமோ அத்தனை சுத்தம். இவ்வளவு சுத்தமாகப் பேசுகிறவள் எதையோ மறைக்கிறாள்.

“சொந்த ஊரே இதுதானா?”

“இப்ப இதுதாங்க.”

இப்பவாம். அப்போ எது?

ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரொட்டி வந்தது. தோட்டத்து ரொட்டி மாதிரி இத்தனை தடிப்பாக எந்த டவுன்காரி சுடுவாள்? மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தபடியே இராஜம் மூன்றைத் தின்றாள்.

இரவெல்லாம் மழை. விடிந்ததும் முற்றத்தில் இறங்கினாள். வேலியோரம் ரப்பர் மரங்கள் நின்றன. என்ன செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் போய், உள்ளங்கையை விரித்து ஒரு மரத்தில் வைத்தாள். பட்டை நனைந்திருந்தது.

“காயலைங்க. பத்து மணிக்கு முந்தி பால் வெட்ட முடியாது.” பின்னால் தேத்தண்ணியோடு விஜயகலா நின்றாள். “நீங்க எந்தத் தோட்டம்?”

இராஜம் கையைச் சட்டென்று எடுத்தாள். பள்ளிக்கூடம் போகுமுன் மரத்தைத் தொட்டுப் பார்த்து, பட்டை காய்ந்ததா என்று அப்பாவுக்குச் சொல்வது ஒரு காலத்தில் அவள் வேலை. கல்யாணமாகி, தோட்டத்துக் கூலிக்காரர் வரிசை வீடான லயத்தை விட்டு வந்த பிறகு, அவளும் புருஷனும் அதை வெளியே விட்டதில்லை. பெற்ற மகனுக்கும் தெரியாது. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

“நாங்க டவுன் ஆளுங்க.”

விஜயகலா சிரிக்கவில்லை. கோப்பையை நீட்டினாள். “கேட்டா நாங்களும் அப்படித்தாங்க சொல்றோம். எம்மகளுக்கே தெரியாது.”

அப்படியானால் பையன் பொய் சொல்லவில்லை; கேஷானி நம்பியதைத்தான் அவனும் சொல்லியிருக்கிறான்.

“நான் சுஜனோட அம்மா.”

“நேத்தே சந்தேகப்பட்டேங்க. ஊர் பாக்க வந்தவங்க என் காலையா பாப்பாங்க?”

இராஜம் கோப்பையை வாங்கித் தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். பிறகு போனை எடுத்து மகனைக் கூப்பிட்டாள்.

“என்னம்மா, பொண்ணப் பத்தி ஏதும் தெரிஞ்சிச்சா?” என்றான் சுஜன்.

“இங்க வா. பொண்ணப் பத்தி இல்லப்பா. என்னப் பத்தி ஒண்ணு சொல்லணும்.”