மிதக்கத் தெரியாதவள்

நல்லுள்ளம் சமூகத் துணைப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தவர்கள் முதல் பருவம் முடிவதற்குள் தரையைவிட்டு நான்கு விரற்கடையாவது உயர்ந்துவிட வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு ஊருக்குள்ளேயே துணையாக இருந்து உதவுகிற வேலைக்கு அங்கே ஆள் தயாரித்தார்கள். அந்த வேலைக்கு இரக்கம்தான் அடிப்படை என்றும், இரக்கம் வந்தவர் பாதம் தரையில் தங்காது என்றும் எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் பருவத்தில் ஜன்னல் உயரம். கடைசிப் பருவத்தில் உத்தரம். அதனால் வகுப்பறைகளில் மின்விசிறி மாட்டுவதில்லை.

சந்தனமாரி மட்டும் உயரவில்லை.

அவள் முன்பு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருந்தவள். அங்கே உட்காரக் கூடாது. காலையில் கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறக்கும்வரை நிற்க வேண்டும். நின்று நின்று அவள் கால்கள் தரையோடு ஒரு மாதிரி ஒப்பந்தத்துக்கு வந்திருந்தன. சொந்த ஊரிலேயே வேலை என்று பேருந்து நிலையத்துச் சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்துத்தான் பயிற்சியில் சேர்ந்தாள். கால்களைப் பற்றி அந்தச் சுவரொட்டியில் ஒன்றும் போட்டிருக்கவில்லை.

முதல்வர் சுகுணவதி அம்மாளை மாணவர்கள் பெரும்பாலும் உள்ளங்காலைக் கொண்டுதான் அறிந்திருந்தார்கள். ரோஜா நிறம். ஒரு வெடிப்பு கிடையாது. அவர் கீழே இறங்கிப் பல வருடம் ஆகியிருந்தது. கூரைக்கு அருகில் இருந்தபடியே அவர் படங்களைக் காட்டிப் பாடம் நடத்துவார். ஒருநாள் பார்வையில்லாத ஒரு மனிதர் பேருந்து நிறுத்தத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் படத்தைக் காட்டினார். வகுப்பு முழுக்க "ச்சு" கொட்டிக்கொண்டு மேலே போனது. தலைகள் கூரையில் இடிக்கும் சத்தம் கேட்டது. சந்தனமாரி கீழே பெஞ்சில் இருந்தபடி, அவர் எந்த பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார் என்று கேட்டாள். படத்தில் அது இல்லை என்றார் முதல்வர். அவரிடம் கேட்டிருக்கலாமே என்றாள் இவள். படம் எடுக்கும்போது பேச்சுக் கொடுத்தால் முகம் மாறிவிடும் என்று முதல்வர் பொறுமையாக விளக்கினார்.

அவளுக்குத் தனிப் பயிற்சி கொடுத்தார்கள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, நெஞ்சில் கை வைத்து, குரலைப் பாலாடை மாதிரி ஆக்கிக்கொண்டு "பாவம்" என்று சொல்ல வேண்டும். சொன்னாள். கழுத்துதான் சுளுக்கிக்கொண்டது. ஒருமுறை, எல்லோரும் மேலே இருக்க நாம் மட்டும் இப்படிக் கிடக்கிறோமே என்று நினைத்தபோது அவள் பாதம் லேசாகக் கிளம்பியது உண்டு. சுய இரக்கம் கணக்கில் வராது என்று முதல்வர் தள்ளிவிட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் அன்னசெல்வத்தின் தொலைபேசி அழைப்பு வந்தது.

அன்னசெல்வம் கீழரத வீதியில் மைக் செட் கடை வைத்திருப்பவள். கல்யாணம், சாவு, கட்சிக் கூட்டம் எதுவானாலும் அந்த ஊரில் அவள் குழாய் ஸ்பீக்கர்தான் கத்தும். சின்ன வயதில் வந்த போலியோவால் சக்கர நாற்காலியில் இருந்தாள். நாற்பதை நெருங்கும்போது ஒரு வரன் வந்தது. பக்கத்து ஊரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சுடலைமணி. மாப்பிள்ளை வந்து பெண் பார்ப்பார் என்று தரகர் சொன்னதற்கு, நான் இருக்கப்போகிற வீட்டை நான்தான் பார்க்க வேண்டும் என்று அன்னசெல்வம் சொல்லிவிட்டாள். பேருந்துப் படி உயரம், அந்த வீட்டுக்கும் படி உண்டு. வண்டியைப் பிடிக்கத் தெரிந்த ஒரு ஆளை அனுப்ப முடியுமா என்பதுதான் அவள் கேட்டது.

நிலையம் அதைப் பெரிய வாய்ப்பாக எடுத்துக்கொண்டது. முதல்வரே கிளம்பினார். கூடவே பாலசரவணன். அவன் அந்த வருடத்தின் சிறந்த மாணவன். ஊனம் என்ற சொல்லை எழுத்தில் பார்த்தாலே உத்தரத்துக்குப் போய்விடுவான். வெளியே கூரை கிடையாது, காற்று வேறு இருந்தது. அதனால் இருவரையும் ஒரே கயிற்றில் கட்டி, மறுமுனையைச் சந்தனமாரியின் இடுப்பில் கட்டினார்கள். தரையில் நிற்க ஒரு ஆள் வேண்டும், அதற்குத்தான் அவளைக் கூட்டிப்போனார்கள்.

கடை வாசலில் பாலசரவணன் தலைகீழாக இறங்கி, சக்கர நாற்காலியின் கைப்பிடியைப் பற்றித் தள்ளினான். கால் ஊன்ற இடமில்லாததால் நாற்காலி நின்ற இடத்தில் நிற்க, அவன்தான் பின்னால் போனான். மறுபடி தள்ளினான். மறுபடி போனான். அன்னசெல்வம் கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, வண்டி இதுதான்" என்றாள். தள்ளுவது முக்கியமில்லை, கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு கனிவாகப் பார்த்தாலே துணை நின்றதாக ஆகும் என்று மேலேயிருந்து முதல்வர் சொன்னார். ஆகவே பாலசரவணன் தொட்டுக்கொண்டு வந்தான். சந்தனமாரி தள்ளினாள்.

பேருந்தில் கால் படாதவர்கள் லக்கேஜ் என்றார் நடத்துநர். இருவரையும் கூரையில் வாழைத்தார்களோடு சேர்த்துக் கட்டினார்கள். உள்ளே சந்தனமாரியும் அன்னசெல்வமும் பேசிக்கொண்டு போனார்கள். இதற்கு முன் தன்னைப் பார்க்க இரண்டு பேர் வந்ததாக அன்னசெல்வம் சொன்னாள். இரண்டு பேருமே காப்பி வருவதற்குள் இரக்கப்பட்டு மேலே போய்விட்டார்கள். ஒருவருடைய செருப்பு இன்னமும் அவள் வீட்டு வாசலில் கிடக்கிறது.

"இரக்கப்படுத ஆளு எனக்கு வேண்டாம், பிள்ள" என்றாள். "குடிக்கத் தண்ணி கேட்டா, அவரு முகட்டுல இருந்து எறங்கி வந்துல்லா எடுத்துத் தரணும்."

சுடலைமணியின் வீடு சொன்னபடியே படிகளுக்கு மேல் இருந்தது. எப்படித் தூக்க வேண்டும் என்று சந்தனமாரி கேட்டாள். நிலையத்தில் அதைக் கேட்டவர் யாருமில்லை. தூக்காதே, வண்டியைத் திருப்பி, பின்பக்கம் சாய்த்து, ஒவ்வொரு படியாக இழு என்று அன்னசெல்வம் சொல்லிக்கொடுத்தாள். முதல் படியில் இருவரும் விழப் பார்த்தார்கள். மூன்றாவது படிக்குள் சந்தனமாரியின் கைக்கு அது பிடிபட்டுவிட்டது. அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. ஜவுளிக்கடையில் ஆயிரம் சேலை மடித்தும் இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

வீட்டில் சுடலைமணியும் அவர் அம்மாவும் மட்டும்தான். வந்தவர்களில் இருவர் கூரையோடு ஒட்டிக்கொண்டதை அந்த அம்மாள் பார்த்து, அவர்களுக்குக் காப்பி டம்ளரில் போதுமா, தூக்குவாளியில் ஊற்றிக் கொம்பில் மாட்டி நீட்டவா என்று கேட்டார். முதல்வர் எதுவும் வேண்டாம் என்றார். பிறகு பேச ஆரம்பித்தார்.

அன்னசெல்வத்துக்குக் காய்ச்சல் வந்த நாளிலிருந்து தொடங்கினார். ஓடியாட வேண்டிய வயது என்றார். பூவொன்று மொட்டிலேயே என்றார். அன்னசெல்வத்தை அவர் அன்று காலையில்தான் முதல்முறையாகப் பார்த்தார். ஆனாலும் தங்குதடையில்லாமல் வந்தது. பாலசரவணன் விசும்பினான். கண்ணீர் கூரையிலிருந்து சொட்டியது. அன்னசெல்வம் தன் காப்பியின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள்.

முதலில் கிளம்பியது சுடலைமணியின் அம்மா. முந்தானையால் கண்ணைத் துடைத்தபடியே நாற்காலியிலிருந்து உயர்ந்து, காலண்டர் உயரத்துக்குப் போய்விட்டார். அன்னசெல்வம் அவரைப் பார்க்கவில்லை. சுடலைமணியின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிளவுபட்ட, கிரீஸ் கறை போகாத குதிகால்கள். அவை மெல்லத் தரையை விட்டன. பெருவிரல் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. 

"நாங்க வந்ததுலேர்ந்து நீங்க ஒரு வார்த்தை பேசலையே" என்றாள் அன்னசெல்வம். "மைக் குடுத்தாத்தான் பேசுவீகளா?"

மைக் என்றதும் சுடலைமணியின் புருவம் சுருங்கியது.

"போன ஆடியில கோயில் கொடைக்கு எங்க தெரு முக்குல குழாயக் கட்டுனது உங்க கடையா?"

"எங்க கடைதான்."

"எங்க வீட்டு ஜன்னலைப் பாத்துக் கட்டியிருந்தீக. மூணு நாள் நான் கண்ணை மூடல. விடியுமுன்ன பாட்டப் போட்டு உயிர எடுத்துட்டீகளே. மனுசன் தூங்க வேண்டாமா?"

"சாமி முழிக்க வேண்டாமா? ஜன்னலச் சாத்திக்கிட வேண்டியதுதான."

"சாத்துனாலும் சுவரு அதிருது. அது என்ன ஆம்ப்ளிபயரா, ரைஸ் மில்லா?"

அவருடைய குதிகால்கள் தொப்பென்று தரையில் விழுந்தன. அதற்குப் பிறகு இருவரும் நன்றாகச் சண்டை போட்டார்கள். சைக்கிள் மணியின் சத்தத்தைப் பற்றி அன்னசெல்வம் கேவலமாக ஒன்று சொன்னாள்; அதற்கு அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பதில் சொன்னார். நடுவில் அம்மாவின் காலைப் பிடித்து, அடுப்பில் பால் இருக்கிறது என்று நினைவுபடுத்தினார். அந்த அம்மாள் உடனே இறங்கி அடுப்படிக்குப் போனார்.

முதல்வருக்குத் தாங்கவில்லை. ஒரு மாற்றுத்திறனாளியிடம் ஒருவன் இப்படிக் கோபமாகப் பேசி அவர் பார்த்ததே இல்லை. அவர் இரக்கம் கரைபுரண்டு ஓடியது. கூரை ஓடுகள் நெரிந்தன. போகலாம் என்று ஆணையிட்டார்.

வாசலுக்கு வந்ததும் மேலே தடுக்க எதுவும் இல்லை. இருவரும் கயிற்றின் நீளத்துக்கு விர்ரென்று ஏறினார்கள். சந்தனமாரி அப்போது படிகளின் உச்சியில் சக்கர நாற்காலியைச் சாய்த்துப் பிடித்திருந்தாள். கீழே முன்பக்கம் தாங்க சுடலைமணி நின்றார். இடுப்புக் கயிறு வெட்டி வெட்டி இழுத்தது. அண்ணாந்து பார்த்தாள். முதல்வரின் கொண்டை அவிழ்ந்து தலைமுடி கேபிள் வயரில் சிக்கியிருந்தது. அந்த ரோஜா நிற உள்ளங்கால்கள் ஆகாயத்தில் எதையோ தேடித் துழாவின.

"சந்தனமாரி, விட்டுடாதம்மா. எனக்கு இறங்கத் தெரியாது."

எத்தனை வருடம் படித்து, எத்தனை பேருக்குப் பாடம் சொல்லி, நிற்க ஒரு இடமில்லாமல் போயிற்றே என்று சந்தனமாரி நினைத்தாள். பாவம் என்று தோன்றியது. யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே தலை ஒரு பக்கம் சாய்ந்தது. அவள் குதிகால்கள் கிளம்பின. பிறகு விரல்களும்.

முதல்வர் அதைப் பார்த்துவிட்டார். வயரில் தொங்கிய தலையோடு, "தேர்ச்சி!" என்று அறிவித்தார். பாலசரவணன் மேலேயிருந்து கைதட்டினான்.

நாற்காலியின் கைப்பிடிகள் சந்தனமாரியின் உள்ளங்கையில் வழுக்கின. அன்னசெல்வம் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கைகளாலும் சக்கரங்களை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"ஏட்டி, பிடிச்சிருக்கியா?" என்றாள்.

சந்தனமாரி ஒரு கையை எடுத்து இடுப்பு முடிச்சை உருவிவிட்டாள். கயிறு சரசரவென்று போனது. அவள் பாதங்கள் படியில் வந்து பதிந்தன. கல் சூடாக இருந்தது.

"பிடிச்சிருக்கேன்க்கா."

அறுந்த கேபிள் வயரோடு வடக்குப் பக்கமாக இரண்டு பேர் பறந்து போவதைத் தெருவில் சிலர் பார்த்தார்கள். பிறகு வேலையைப் பார்த்தார்கள்.

பயிற்சி நிலையம் சந்தனமாரிக்குத் தோல்வி என்று அறிவித்தது. அவள் அன்னசெல்வத்தோடு கடையிலேயே இருந்துகொண்டாள். அவளைக் கேட்டு ஊரில் வேறு சிலரும் ஆள் அனுப்பத் தொடங்கினார்கள். தை மாதம் கல்யாணம் நடந்தது. விடியுமுன் பாட்டுப் போடக் கூடாது என்று சுடலைமணி நிபந்தனை வைத்தார். அன்னசெல்வம் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் சண்டை இன்றுவரை தொடர்கிறது.

பேருந்துப் படி அதே உயரத்தில்தான் இருக்கிறது. ஆனால் முதல்வரைப் போல வானத்தில் மாட்டிக்கொண்ட பெரிய மனிதர்களின் சிரமத்தை அரசு உடனே புரிந்துகொண்டது. மேகத்திலிருந்து மைதானம்வரை இருபுறமும் கைப்பிடி வைத்து, வழுக்காத கல் பதித்து, ஒரே வாரத்தில் ஒரு சாய்தளம் கட்டி முடித்தார்கள். திறப்பு விழாவுக்கு மைக் செட் அன்னசெல்வம் கடை. மேடையின் ஓரத்தில் அவள் ஆம்ப்ளிபயருக்குப் பக்கத்தில் இருந்தாள். சந்தனமாரி வயர் இழுத்துக்கொண்டிருந்தாள். ரிப்பன் வெட்டியதும் மேளம் கொட்டியது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

முதலில் இறங்கி வந்தது, திறப்பதற்கு முன்பே அதில் ஏறிப் போயிருந்த ஒரு எருமை. நிதானமாக, கைப்பிடியை ஒட்டியபடி வந்தது. அதற்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மேடையில் நடு நாற்காலியை ஒதுக்கி, இரண்டு வார்த்தை பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். சந்தனமாரி மைக் ஸ்டாண்டை அதன் வாய்க்கு நேராக இறக்கி வைத்தாள். எருமை தொண்டையைச் செருமிக்கொண்டது. அன்னசெல்வம் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.